பெயருக்கு உரியவள்

அத்தியாயம் ஒன்பது

அன்றைய முதல் கோபம் ரேடியோமீதுதான் வந்தது.

பேக்கரியின் பின்னறையில் உட்கார்ந்து கேக்குகளின்மேல் பெயர் எழுதுவது குட்டிம்மாவின் வேலை. ஊரில் பிறக்கிறவர்கள், ஐம்பதைத் தாண்டுகிறவர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவர்கள் என்று யாராக இருந்தாலும் ஒரு நாள் அவர்களுடைய பெயர் அவள் கைக்கு வந்தே தீரும். க்ரீம் பை அவள் சொன்னபடி கேட்கும். இத்தனை வருஷத்தில் ஓர் எழுத்து கோணியதில்லை.

இன்று காலை வந்திருந்தது பெரிய ஆர்டர். மூன்றடுக்கு கேக். ஆஸ்பத்திரியில் மாலை விழாவுக்கு. எழுத வேண்டியது ஒரே பெயர்: சாபிரா.

'சா' எழுதினாள். அதற்குமேல் கை போகவில்லை.

போன வாரம் அதே பெயரைச் சுவரொட்டியில் பார்த்துவிட்டு வந்து அவள் சோற்றுத்தட்டைத் தள்ளி வைத்தது நமக்குத் தெரியும். வெள்ளம் வந்த அன்று ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்தபோது, பச்சைக் குழந்தைகளைத் துணிக்கூடைகளில் போட்டு மாடிக்கு ஏற்றிக் காப்பாற்றினாளே, தலைமை நர்ஸ் சாபிரா, அவள் குட்டிம்மாவின் கூடப்பிறந்த அக்கா. அவள் பெயரில்தான் இன்று பச்சிளங்குழந்தைப் பிரிவைத் திறக்கிறார்கள்.

அது அக்காவின் பெயரே இல்லை. குட்டிம்மாவின் பெயர்.

பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கி, நர்ஸ் படிப்புக்கு இடமும் வாங்கியவள் குட்டிம்மா. அக்கா அதே தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டவள். அப்பா இறந்த வருஷம் அது. அந்த நேரம் பார்த்து, அக்காவுக்கென்று வந்த சம்பந்தம் தங்கையைக் கேட்டது. அம்மா சுருக்கமாகப் பேசி முடித்தாள். "உனக்கு மாப்பிள்ளை வந்தாச்சு. அவளுக்கு என்ன இருக்கு? அந்த சர்ட்டிபிகேட்ட அவகிட்ட குடுத்துடு. ஒருத்தியாவது சம்பாதிக்கட்டும்."

இருவருக்கும் ஒரே ஜாடை. போட்டோவில் வித்தியாசம் தெரியவில்லை. அக்கா சாபிராவாகி நர்சிங் விடுதிக்குப் போனாள். குட்டிம்மா அக்காவின் பழைய பெயரில் கல்யாணப் பதிவில் கையெழுத்துப் போட்டாள். அந்தப் பழைய பெயரைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாள். லாரி ஓட்டும் கணவனிலிருந்து பேக்கரி முதலாளியம்மாவரை எல்லோருக்கும் அவள் வீட்டுச் செல்லப்பெயரில் குட்டிம்மாதான். அம்மாவும் போன பிறகு, விஷயம் தெரிந்தவர்கள் அக்காவும் தங்கையும் மட்டுமே.

"வணக்கம் நேயர்களே," என்றான் ரேடியோவில் அறிவிப்பாளன். வாராவாரம் ஒரு பெயரை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் அதன் பெருமை பேசுவான். "இந்த வாரப் பேரு எதுன்னு உங்களுக்கே தெரியும். நம்ம ஊரே சொல்லிட்டிருக்கற பேரு. சாபிரா. அரபுப் பேரு. 'சப்ர்'னா பொறுமை. சாபிரான்னா பொறுமைசாலி."

'பி' எழுதினாலாவது கை ஓடுமா என்று பார்த்தாள். ஓடவில்லை.

"இந்தப் பேர வச்சுக்கிட்டுப் பெரிய ஆளானவங்க ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல. நீதிபதி ஒருத்தங்க இருக்காங்க. கவிதை எழுதறவங்க இருக்காங்க. கடல்ல நீந்தி மெடல் வாங்கின பொண்ணு ஒருத்தி இருக்கா. பொறுமையா இருந்தா எங்க போய் நிக்கலாம்னு பாருங்க."

"ஆமா, கேக்குக்கு முன்னாடி போய் நிக்கலாம்," என்று முணுமுணுத்தாள் குட்டிம்மா. பெயரை ஒருத்தி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பொறுமையை மட்டும் இவள் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாள்.

ஒரு நேயர் போனில் வந்தார். அன்று கூடையில் ஏறிப் பிழைத்த குழந்தைகளில் ஒன்று அவருடைய தம்பி மகளாம். நர்ஸம்மாவின் பெயரையே வைத்துவிட்டார்களாம். இன்னொருவரும் அதையே சொன்னார். இப்படியே போனால் ஊரில் குழந்தைகள் எல்லாம் சாபிராவாகிவிடும்போல் இருந்தது.

"அவங்களுக்கே இந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு அவங்க வாயாலேயே கேப்போம்," என்றான் அறிவிப்பாளன். பதிவு செய்யப்பட்ட அக்காவின் குரல் வந்தது.

"நான் பொறக்கறதுக்கு அம்மாவுக்கு மூணு நாள் வலி. அப்பா கடிகாரம் ரிப்பேர் பண்றவரு. ஆஸ்பத்திரி வராந்தாவுல ஒரு சுவர்க் கடிகாரம் ஓடாம நின்னு கிடந்துச்சு. சும்மா உக்கார முடியாம அதைக் கழட்டி வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாரு. அது மறுபடியும் ஓட ஆரம்பிச்சப்போ உள்ள என் அழுகைச் சத்தம் கேட்டுச்சு. நர்ஸ் வெளிய வந்து என்ன பேருன்னு கேட்டாங்க. அப்பா யோசிக்கவே இல்ல. 'சாபிரா. பொறுத்திருந்து வாங்கின பொண்ணு'ன்னாரு."

குரல் சரியான இடத்தில் கம்மியது. அறிவிப்பாளன் மூக்கை உறிஞ்சினான்.

குட்டிம்மாவின் கையிலிருந்த க்ரீம் பை பிதுங்கி, 'சா'வுக்குப் பக்கத்தில் குவியலாகக் கொட்டியது.

பெயரைக் கொடுத்தது அவளுக்கு நினைவிருக்கிறது. விருப்பப்பட்டுக் கொடுக்கவில்லை என்றாலும் கொடுத்தாள். இந்தக் கதையை எப்போது கொடுத்தாள்? பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதென்று அவள் குதிக்கும்போதெல்லாம் அப்பா காதைப் பிடித்து நிறுத்திச் சொன்ன கதை அது. 'பேர வச்சுக்கிட்டு இப்படிப் பறக்கறியே.' சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். அப்பா அவளுக்கென்று விட்டுப்போனது வேறு என்ன இருக்கிறது?

முதலாளியம்மா எட்டிப் பார்த்தாள். "என்ன குட்டிம்மா, கை நடுங்குதா?"

"கை நல்லாத்தான் இருக்கு. மிச்சத்த நீங்க எழுதிக்கோங்க."

"நானா? என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்."

"இருக்கட்டும். அந்தப் பேருக்கு அது போதும்."

ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். மாட்டியது கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனியாமலேயே வெளியே நடந்தாள்.

*

ஆஸ்பத்திரி வாசலில் புதுப் பெயர்ப்பலகையைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். காவலாளி ஏணிமேல் நின்று சரவிளக்கு கட்டிக்கொண்டிருந்தான். குட்டிம்மா யாரையும் பார்க்காமல் இரண்டாவது மாடிக்கு ஏறினாள்.

அக்கா கஞ்சி போட்ட வெள்ளை உடையில், கண்ணாடி முன்னால் நின்று ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடைப் பேச்சுக்கு ஒத்திகை.

"வா குட்டி. கேக் வந்துடுச்சா?"

"உன் கேக் எங்கயாவது போகட்டும். ரேடியோவுல என்ன சொன்ன?"

அக்காவின் முகம் மாறியது. போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "கேட்டியா?"

"ஊரே கேட்டுது. நான் கேக்காம இருக்க எனக்கு என்ன காதா செவிடு?"

"மெதுவா பேசு."

"இத்தனை வருஷம் மெதுவாத்தானே பேசினேன். என்னத்தக் கண்டேன்?"

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். "பேரு எப்படி வந்துச்சுன்னு கேட்டாங்க. நான் என்னன்னு சொல்றது? எனக்குன்னு ஒரு கதை இருந்தா சொல்லியிருக்க மாட்டேனா? என் பழைய பேர அப்பா எதுக்கு வச்சாரு, யாரு நினைவா வச்சாரு, எனக்குத் தெரியாது குட்டி. கேட்டு வச்சுக்கறதுக்குள்ள அவரு போயிட்டாரு. மைக்க நீட்டினதும் இதுதான் வாய்ல வந்துச்சு."

"வாய்ல வந்துச்சா? கம்மின குரலும் தானா வந்துச்சா?"

அக்கா உடையின் கஞ்சி மடிப்பை நீவினாள்.

"படிப்பு குடுத்தேன். பேரு குடுத்தேன். அந்தப் பேரால வந்த வேலை, மரியாதை, சுவர்ல போட்டோ, எல்லாத்தையும் தூர நின்னு பாத்தேன். ஒரு நாள் கேட்டிருப்பேனா, அது என்னுதுன்னு? அப்பா எனக்குச் சொன்னது அது ஒண்ணுதான். அதுக்கும் கை நீட்டிட்டியே, உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

அக்கா சட்டென்று எழுந்தாள். இவ்வளவு நேரம் குற்றவாளி மாதிரி இருந்தவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது.

"குடுத்தேன் குடுத்தேன்னு சொல்றியே, நீயா குடுத்த? அம்மா பிடுங்கினா. நீ வாய மூடிட்டிருந்த. நானும் வாய மூடிட்டிருந்தேன். நீ ஒரு நாள்ல உன் பேர விட்டுட்ட. நான் தினமும் அதுக்குள்ள பயந்து சாகறேன். பஸ்ல பின்னாடி சீட்டுல யாராவது என் பழைய பேரச் சொல்லி வேற யாரையோ கூப்பிட்டா எனக்கு வேர்த்துடும். அந்தக் குழந்தைங்களத் தூக்கிட்டு மாடி ஏறினது யாரு? உன் சர்ட்டிபிகேட்டா ஏறிச்சு? என் காலு. இன்னும் முட்டி வீங்கியிருக்கு, பாக்கறியா?"

"ஏறினது நீதான். நான் இல்லேன்னு சொன்னேனா?" குட்டிம்மாவின் குரல் உடைந்தது, ஆனால் இறங்கவில்லை. "ஊரு அதுக்குத்தான் கை தட்டுது. அதச் சொல்லு. பெருமையா சொல்லு, நானும் உக்காந்து கேக்கறேன். என் கதைய எதுக்கு இழுத்துப் போத்திக்கற?"

இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

"நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன்," என்றாள் குட்டிம்மா. "இன்னைக்கு மேடையில அதச் சொல்லாத."

"ரேடியோவுக்குப் பதிவு பண்ணினப்பவே கேட்டு, அழைப்பிதழ்லயும் அச்சடிச்சாச்சு. டைரக்டர் அம்மாவோட பேச்சே அதுலதான் ஆரம்பிக்குது."

"அப்ப நான் எழுந்து நிப்பேன்."

"நில்லு. என் வேலை போகும். போலீஸ் வரும். ஏமாத்தினதுக்கு நான் மட்டுமா மாட்டுவேன்? கையெழுத்து மாத்திப் போட்ட நீயும்தான் மாட்டுவ. உன் பொண்ணுக்கு நான் சொல்லி வச்சிருக்கற நர்சிங் சீட்டு என்ன ஆகும்? யோசிச்சியா?"

"மிரட்டறியா?"

"நடக்கப் போறதச் சொல்றேன்."

"அம்மா மாதிரியே பேசற. அவளும் அன்னைக்கு இப்படித்தான், நடக்கப் போறதச் சொல்றேன்னு சொன்னா."

அக்கா அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. குட்டிம்மா திரும்பினாள்.

சாத்திய கதவு பாதி திறந்திருந்தது. குட்டிம்மாவின் மகள், காலையிலிருந்தே விழா வேலைக்கென்று பெரியம்மாவிடம் வந்திருந்தவள், கை நிறையப் பூங்கொத்துகளோடு நின்றிருந்தாள்.

"எந்த சர்ட்டிபிகேட்?" என்றாள். "யாரோட பேரு?"

*

ஆஸ்பத்திரியின் பின்பக்கம் லிப்ட் வந்த பிறகு யாரும் ஏறாத படிக்கட்டு ஒன்று இருந்தது. குட்டிம்மா மகளை அங்கே உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை. சொல்லி முடித்ததும், மகள் வந்து கட்டிக்கொள்வாள் என்று உள்ளுக்குள் எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தாள் போலும்.

மகள் இரண்டு படி கீழே இறங்கி நின்றாள்.

"நீ பெயில் இல்ல."

"இல்ல."

"ஸ்கூல்லயே முதல் மார்க்கா?"

"ஆமா."

"அப்ப 'என்னை மாதிரி பெயிலாகி நிக்காத, படி'ன்னு என்கிட்ட சொல்லிட்டே இருந்தியே, அது?"

"வேற என்ன சொல்றது? என் பேர்ல இருந்தது பெயிலான பேப்பர்தானே."

"நான் என் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட உன்னை வச்சு ஜோக் அடிச்சிருக்கேம்மா." மகளின் முகம் சிவந்துவிட்டது. "எங்க அம்மாவுக்கு எழுத்து நல்லா வரும், ஆனா கேக்குல மட்டும்தான் வரும்னு. எல்லாரும் சிரிச்சோம். ஒரு தடவை நீ பக்கத்து ரூம்லயே இருந்த. உனக்குக் கேட்டுச்சு, இல்ல?"

"கேட்டுச்சு."

"ஏம்மா என்னைச் சிரிக்க விட்ட?"

அக்காவிடம் எத்தனையோ கேள்விகளை வீசிவிட்டு வந்தவள், தன்மேல் விழுந்த ஒரே கேள்வியில் ஊமையாகிப்போனாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நல்ல குடும்பம்," என்றாள் மகள். கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "பெரியம்மா சொல்லி வாங்கற சீட்டு எனக்கு வேண்டாம். அவங்க பேரச் சொல்லி... யாரு பேரச் சொல்லி, கடவுளே, உன் பேரச் சொல்லித்தானே வாங்கறாங்க. எனக்குத் தலை சுத்துது."

"சீட்டு உன் மார்க்குக்கு வரும். யாரு சொன்னாலும் சொல்லாட்டியும் வரும். அத விட்டுடாத. கோவத்துல விட்டுடறது சுலபம். பயத்துல விட்டவ நான், எனக்குத் தெரியும்."

மகள் கைக்குட்டையை மடித்தாள். மேலே யாரோ ஸ்ட்ரெச்சரை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"இப்ப என்ன பண்ணப் போற?"

"தெரியல. கோவம் கோவமா வருது. அது மட்டும்தான் தெரியுது."

"எனக்கும்தான்," என்றாள் மகள். "உன்மேலயும் சேத்துத்தான் வருது. அதனால நான் உன் பக்கத்துல உக்காருவேன், ஆனா என்கிட்ட பேசாத."

*

அரங்கு நிரம்பியிருந்தது. கூடையில் ஏறிய குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெற்றோர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். விழாவை ரேடியோவில் நேரடியாக ஒலிபரப்பினார்கள். அதே அறிவிப்பாளன்தான் மைக்கைப் பிடித்துக்கொண்டு மேடைக்கும் கூட்டத்துக்குமாக ஓடிக்கொண்டிருந்தான்.

குட்டிம்மா நடுவரிசையில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் மகள், நேராக மேடையைப் பார்த்துக்கொண்டு.

டைரக்டர் அம்மா பேசினாள். கண்டிப்பானவள், ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ மாட்டாள். அழைப்பிதழில் இருந்தபடியே, நின்றுபோன கடிகாரத்திலிருந்து ஆரம்பித்தாள். "பொறுத்திருந்து வாங்கின பொண்ணு" என்ற இடத்தில் கை தட்டினார்கள். குட்டிம்மா நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். கால் எழவில்லை. அதற்கும் சேர்த்துத் தன்மேலேயே கோபம் வந்தது.

அக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டே படியேறி மைக் முன்னால் வந்து நின்றாள். கையில் எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்தாள். பிறகு மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"காலையில ரேடியோவுல ஒரு கதை சொன்னேன்," என்றாள். "இப்ப டைரக்டர் அம்மாவும் சொன்னாங்க. அது என் கதை இல்ல."

அரங்கில் இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்தினார்கள்.

"அந்த வராந்தாவுல நானும் இருந்தேன். அப்ப எனக்கு மூணு வயசு. கடிகாரத்துலேருந்து கழட்டின திருகாணிய எல்லாம் அப்பா என் கையில குடுத்து, கீழ போட்டுடாதம்மான்னு சொன்னாரு. அத மூடிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அதுதான் என் வேலை. உள்ள அழுத குழந்தை நான் இல்ல. என் தங்கச்சி. அவளோடத எடுத்து என்னுதுன்னு சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவ இங்கதான் உக்காந்திருக்கா. எல்லார் முன்னாடியும் அவகிட்ட மன்னிப்பு கேக்கறேன்."

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு, இது பெரிய மனசு என்று எடுத்துக்கொண்டு பலமாகக் கை தட்டினார்கள்.

குட்டிம்மா கை தட்டவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது. மனசு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. திருகாணி விஷயம் அவளுக்கு இதுவரை தெரியாது. அப்பா அந்தப் பகுதியை அவளிடம் சொன்னதே இல்லை. தன்னுடையது என்று சண்டை போட்ட கதையில் அக்காவும் ஒரு ஓரத்தில் கையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பது, ஏனோ, இன்னும் எரிச்சலைத்தான் கிளப்பியது.

"அடடா," என்று துள்ளிக் குதித்து இறங்கினான் அறிவிப்பாளன். "கதையோட உண்மையான நாயகி இங்கயே இருக்காங்களா? எங்க, எங்க?" அக்காவின் பார்வை போன வழியிலேயே வந்து, குட்டிம்மாவைக் கண்டுபிடித்துவிட்டான். மைக்கை முகத்துக்கு நேரே நீட்டினான்.

"பொறுத்திருந்து வாங்கின பொண்ணு நீங்கதானாம்மா? அப்போ உங்க பேரு என்ன?"

அவன் யோசித்துக் கேட்கவில்லை. பேட்டியென்றால் பெயரைக் கேட்பது வழக்கம், கேட்டான். ஆனால் கேள்வி காற்றில் நின்றது. மேடையில் அக்கா மைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கெஞ்சியது. என்ன கெஞ்சுகிறது என்று குட்டிம்மாவுக்குத் தெரியும். அந்தப் பழைய பெயரைச் சொல்லிவிடு. காகிதத்தில் அதுதானே நீ. சொல்லிவிட்டால் எல்லோரும் சிரித்து, கேக் வெட்டி, வீட்டுக்குப் போய்விடலாம்.

சொல்லத்தான் நினைத்தாள். இத்தனை வருஷம் எங்கெங்கோ கையெழுத்தாகப் போட்ட பெயர். நாக்கு நுனிவரை வந்தது.

பக்கத்தில் மகள் இருந்தாள். அவள் கையைப் பிடிக்கவில்லை, தலையசைக்கவில்லை. திரும்பி அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். இன்னொரு முறை அவளைப் பக்கத்து அறையில் உட்கார்ந்து சிரிக்கவிட முடியாது.

"சாபிரா," என்றாள் குட்டிம்மா.

ஒலிபெருக்கியில் அது யாரோ சொன்ன மாதிரி இருந்தது. அந்தப் பெயரைத் தன் வாயால் சொல்லி எவ்வளவு காலமாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

அறிவிப்பாளன் விழித்தான். பிறகு சுதாரித்துக்கொண்டு சிரித்தான். "ரெண்டு பேருக்கும் ஒரே பேரா? ஒரே வீட்டுல ரெண்டு சாபிராவா? பாருங்க, அப்பாவுக்கு அந்தப் பேருமேல எவ்வளவு ஆசை."

கூட்டம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அவள் சிரிக்காததை முன்வரிசையில் ஒருவர் மட்டும் கவனித்தார். டைரக்டர் அம்மா மேடையைப் பார்த்தாள். திரும்பி நடுவரிசையைப் பார்த்தாள். இரண்டு முகங்களிலும் இருந்த ஒரே ஜாடையைக் கொஞ்ச நேரம் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"மேட்ரன், என் ரூமுக்கு வாங்க. இப்பவே."

அறிவிப்பாளன் அவசரமாக ஒரு பாட்டைப் போடச் சொன்னான்.

நடுவழியாக அக்கா வந்தாள். குட்டிம்மாவின் நாற்காலி அருகில் நடை நின்றது.

"கேட்டதக் குடுத்துட்டேனே, குட்டி. அதுக்கப்புறமும் சொல்லணுமா?"

"பேரக் கேட்டான். சொன்னேன்."

"இப்பத் திருப்தியா?"

"இல்ல."

அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே என்னை என்னன்னு கூப்பிடுவ?"

"அக்கான்னுதான். உனக்குன்னே வந்த பேரு அது ஒண்ணுதான். அத யாரும் உன்கிட்ட திருப்பிக் கேக்கப் போறதில்ல."

கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் அக்கா அதைக் கேட்டதும் சட்டென்று அவள் தோளில் கை வைத்தாள். ஒரு நொடி பாரத்தை முழுவதும் அதில் இறக்கிவிட்டு, முட்டியைப் பிடித்தபடி நடந்து போனாள்.

டைரக்டர் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு போட்டிருந்தது. குட்டிம்மாவும் மகளும் அதில் உட்கார்ந்தார்கள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் டைரக்டர் அம்மாவின் குரல் உயர்ந்தது, தாழ்ந்தது. அக்காவின் குரல் கேட்கவே இல்லை.

குட்டிம்மாவின் போன் மடியில் அதிர்ந்தது. கணவன். ஊர் ஊராக லாரி ஓட்டுகிறவனுக்கு ரேடியோதான் துணை. வண்டியை எந்த ஓரத்தில் நிறுத்திவிட்டுக் கூப்பிடுகிறானோ. அது அதிர்ந்து அடங்கியது. மறுபடி அதிர்ந்தது.

"எடும்மா," என்றாள் மகள். விழா ஆரம்பித்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை.

"எடுத்து என்னன்னு சொல்றது? நீ யாரக் கட்டிக்கிட்டேன்னு உனக்கே தெரியாதுன்னு சொல்றதா?"

கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஓர் ஊழியர் தலையை நீட்டி வராந்தாவை ஒரு பார்வை பார்த்தார்.

"சாபிரா யாரு? உள்ள கூப்பிடறாங்க."

குட்டிம்மா பழக்கதோஷத்தில் அக்கா எங்கே என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். அக்கா உள்ளேதான் இருந்தாள். அதிர்ந்துகொண்டிருந்த போனை மகளின் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"நான்தான்," என்றாள்.